கப்டன் வீட்டு வாசலில் விழுந்த குடை

மாடிப்படி ஏறுகிற மனிதர் சமதரையில் ஏன் நின்றுவிடுகிறார்? மைமூனா எவ்வளவு யோசித்தும் இதற்கு விடை கிடைக்கவில்லை.

அவளுடைய கணவர் பக்கீர் முகைதீனுக்குப் பார்கின்சன் நோய் வந்து சில வருடங்களாகிவிட்டன. கை நடுங்கியது, குரல் தணிந்தது, கையெழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்தது. அதெல்லாம் டொக்டர் முன்கூட்டியே சொன்னவை. ஆனால் வெளிநாட்டில், வெரிபீ என்ற புறநகரில், மகன் நுஸ்கி கட்டிய புது வீட்டுக்குக் குடிவந்த பிறகு தொடங்கியது வேறு. கட்டிலில் இருந்து எழும்புவார், பாத்ரூமை நோக்கிச் சின்னச் சின்ன எட்டாக நடப்பார், வாசல் வந்ததும் இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் முன்னால் சாயும். முழங்கால் நடுங்கும். கை வாசல் நிலையைப் பிடித்துக்கொள்ளும். டொய்லட் கண்ணுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும். அங்கே நின்றபடியே உடுத்திருக்கும் சாரம் நனைந்துபோகும்.

"என்ன செய்யிது?" என்று மைமூனா கேட்டால், "கால ஆரோ நெலத்தில ஆணி அடிச்ச மாதிரி," என்பார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

மைமூனா ஊரில், மாத்தளைப் பள்ளிக்கூடமொன்றில், விஞ்ஞானம் படிப்பித்தவள். புரியாத ஒன்றைக் கண்டால் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், என்ன நடக்கிறது பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அது அவளுக்கே பழக்கமாகிவிட்டது. முதலில் விளக்கை மாற்றினாள். பிறகு செருப்பை. பிறகு மருந்து கொடுக்கும் நேரத்தை. ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. கக்கூசுக்குள் இடது காலை முதலில் வைத்துப் போவது அவர் சிறு வயதிலிருந்து பழகிய சுன்னத், நபி காட்டிய வழக்கம். நோய் கூடுதலாகப் பிடித்திருப்பதும் இடது காலைத்தான். அந்தக் கால் எழும்பாததால்தான் மனிதர் வாசலில் நிற்கிறாரோ? பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் போட்டாள். "நோயாளிக்கு எந்தக் காலும் பரவாயில்ல, ராத்தா. அல்லாஹ் லேசாக்கித் தந்திருக்கிறான்," என்றார் அவர். பக்கீர் முகைதீன் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். அடுத்த முறை வலது காலைத் தூக்கப் பார்த்தார். அதுவும் எழும்பவில்லை.

இதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் பள்ளியின் உள்வாசலில் இருந்து முன் வரிசை வரைக்கும் அவர் ஒருவரும் பிடிக்காமல் நடந்து போனார்.

"நான் கண்ணால பாத்தன், உம்மா," என்றான் நுஸ்கி. "பள்ளியில வோக் போறாரு. வீட்டில மட்டும் ஏலா."

"அது அல்லாட வீடு. அவன் நடத்துறான்."

"அப்ப பாத்ரூமுக்கு ஆரு நடத்துற? நானா? நான் மல்கிரேவ்ல ஒஃபீஸ்ல இரிக்கிறன். டவுனுக்கு அந்தப் பக்கம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "வாப்பா வேணுமெண்டு செய்யிறாரு எண்டு நான் சொல்லல்ல. ஆனா மனசு வெச்சா ஏலும் போல இரிக்கி."

அறைக்குள் இருந்த பக்கீர் முகைதீனுக்கு இது கேட்டது. அன்று முழுவதும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூமுக்குப் போக வேண்டி வருமே.

அதற்கடுத்த வாரம் அவர் வாசலில் சாய்ந்து விழுந்தார். பிடிக்கப் போன மைமூனாவும் கூடவே விழுந்தாள். அவளுடைய முழங்கால் வீங்கியது. நியூரோலஜிஸ்ட் மருந்தைக் கூட்டினார். வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோவுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். காத்திருக்க நுஸ்கியால் முடியவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் அறை காலியாக இருந்தது. திங்கட்கிழமை அரசாங்கத்தில் இருந்து ஒரு பெண் அசெஸ்மென்டுக்கு வருவாள். பாத்ரூமுக்குப் போகவே ஆள் வேண்டும் என்று அவள் கண்டால் பக்கீர் முகைதீன் அந்த அறைக்குப் போவார். பேசி முடித்த விஷயம் அது. அங்கே ஹலால் சாப்பாடு உண்டா, யார் கழுவிவிடுவார்கள் என்று மைமூனா கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள்.

பக்கீர் முகைதீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்க போக முந்தி கப்டன் குக்குட வீட்ட ஒருக்காப் பாக்கணும்."

கொழும்புத் துறைமுகத்தில் ஆழம் அளக்கும் படகில் வேலை செய்தவர் அவர். கடலடியை அளந்து படம் வரைகிறவர்கள் எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி. அந்தக் காலத்தில் இந்த நாட்டுக் கடற்கரையை அளந்து படம் வரைந்த இங்கிலாந்துக் கப்டனைப் பற்றி அவருக்கு ஒரே தீர்ப்புத்தான். "ஆள் கள்ளன். மத்த மனிசர்ர நெலத்தில கொடி நாட்டினவன். ஆனா அளந்தது சரி."

சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. சிட்டியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று நுஸ்கி ரயிலில் கூட்டிப் போனான். ரயில் கதவில் இவர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மைமூனா வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள். ஆனால் பிளாட்ஃபோர்ம் ஓரத்து மஞ்சள் கோட்டைத் தாண்டி, ரயிலுக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தாண்டி, அவர் தாராளமாக உள்ளே போய் உட்கார்ந்தார். நுஸ்கி உம்மாவைப் பார்த்தான். பார்த்தீர்களா, மனசு வைத்தால் ஏலும்தானே என்று அந்தப் பார்வை சொன்னது. மைமூனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சொல்வது சரியோ என்று முதல் தடவையாக அவளுக்கும் தோன்றியது. நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரை அப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஜொலிமொண்ட் ஸ்டேஷனில் இறங்கி ஃபிட்ஸ்ரோய் பூங்காவுக்குள் நடந்தார்கள். மரங்களுக்கு நடுவில், கொடி படர்ந்த சுவரும் ஓட்டுக் கூரையுமாக, அந்தச் சின்ன வீடு நின்றது. இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் கப்டனின் தாய் தகப்பன் வாழ்ந்த வீடு. அதைக் கல் கல்லாகக் கழற்றி, ஒவ்வொரு கல்லிலும் இலக்கம் எழுதி, பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, இங்கே கொண்டுவந்து அந்த இலக்கங்களின்படியே திரும்பக் கட்டினார்கள்.

பழைய காலத்து நீளப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த வழிகாட்டிப் பெண் இதைச் சொல்ல, நுஸ்கி தமிழில் சொன்னான். கப்டன் இதில் குடியிருந்தாரா, தாய் தகப்பனைப் பார்க்க வந்துபோனாரா என்பதே நிச்சயமில்லை என்றும் அந்தப் பெண் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் பக்கீர் முகைதீன். அவருடைய இறுகிய முகத்தில் சிரிப்பு வர நேரம் எடுத்தது. ஆனாலும் வந்தது. "வீட்ட நம்பர் போட்டுக் கழட்டினானுகளே. அதப் பாக்கத்தான் நான் வந்த."

ஒரு முழு வீட்டை இத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், ஒரு மனிதரை ஒரு வாசல் தாண்ட வைக்க என்னால் முடியவில்லையே என்று மைமூனா நினைத்தாள்.

வாசல் வந்தது. பதிவான, ஒடுங்கிய வாசல். மழை ஈரத்துக்காகக் கறுப்பு ரப்பர் விரிப்பொன்றைப் போட்டிருந்தார்கள். பக்கீர் முகைதீன் அதில் ஏறினார். நின்றார்.

"வாங்க வாப்பா," என்றான் உள்ளே போய்விட்ட நுஸ்கி.

பாதம் ஒட்டிக்கொண்டது. முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை ஆங்கிலத்தில், "அந்தத் தாத்தா ஏன் போறாரில்லை?" என்று கேட்டது. நுஸ்கி திரும்பி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். உடம்பு வந்தது, கால் வரவில்லை. அவர் முன்னால் சரிய, மைமூனா பின்னால் இருந்து சட்டையைப் பற்றினாள்.

"இழுக்காத! விழப்போறாரு!"

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? சனம் பாக்குது!" நுஸ்கியின் குரல் உடைந்தது. "ரயில்ல ஏறினீங்கதானே வாப்பா? ஏறினீங்களா இல்லையா? ப்ளீஸ், ஒரே ஒரு எட்டு."

பக்கீர் முகைதீன் மகனைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கால்களையோ பார்ப்பது போல. "என்ன உட்டுட்டுப் போங்க," என்றார் மெல்ல. "திங்கக்கிழமையே கொண்டுபோய் உட்டுருங்க. இனி ஏலா."

மைமூனா அவரோடு வாழ்ந்த காலத்தில் 'இனி ஏலா' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. கடலில் படகு கவிழ்ந்து, நீந்திக் கரை சேர்ந்த அன்றுகூட, அளவு முடியவில்லை என்றுதான் கவலைப்பட்டார். அவள் துஆ ஓத வாயெடுத்தாள். ஓதுவது நினைவுக்கு வரவில்லை.

வரிசையில் அடுத்து நின்றவர்கள் ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி. "சார், மெதுவா போங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றார் கணவர். மனைவியிடம் திரும்பி, "கிரிஜா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. அவருக்குக் காத்து வரட்டும்," என்றார்.

"நான் எங்க பாஸ்கர் தள்றது? பின்னாடி ஒரு பஸ் கூட்டமே நிக்குது." கிரிஜா மைமூனாவைத் தாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டியபோது அவளுடைய மடக்கிய நீளக்குடை கையிலிருந்து நழுவி, முன்னால் சரிந்து விழுந்து, சரியாக வாசலுக்குக் குறுக்கே, பக்கீர் முகைதீனின் கால்விரல்களுக்கு முன்னால் கிடந்தது.

"ஐயோ, தடுக்கிடப்போகுது!" என்று கிரிஜா குனிந்தாள்.

அவள் அதை எடுப்பதற்குள் பக்கீர் முகைதீன் குடையைப் பார்த்தார். வலது காலைத் தூக்கினார். குடைக்கு அந்தப் பக்கம் வைத்தார். இடது கால் பின்னாலேயே வந்தது. உள்ளே போய், இரண்டு எட்டு நடந்து, கணப்படுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாரோ கைதட்டினார்கள். நுஸ்கி சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்தான். மைமூனா குடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கி விழுத்தியிருக்க வேண்டிய பொருள் மனிதரை நடக்க வைத்திருக்கிறது. எப்படி?

"தங்கச்சி, அந்தக் குடையக் கொஞ்சம் தாங்க."

"எடுத்துக்கங்க ஆன்ட்டி. ஆனா உள்ள மழை இல்லையே!"

அடுத்த அறைக்குப் போக இன்னொரு ஒடுங்கிய வாசல் இருந்தது. அங்கே பக்கீர் முகைதீன் மறுபடியும் நின்றார். மைமூனா இந்த முறை ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. குடையை அவர் போகும் திசையில் நீளவாக்கில் வைத்தாள். கால் அசையவில்லை. அதே குடையை, அதே இடத்தில், குறுக்கே திருப்பி வைத்தாள். கால் எழும்பியது, தாண்டிப் போனார். கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து, குடை இல்லாமல் விட்டாள். நின்றார். குறுக்கே வைத்தாள். நடந்தார்.

"உம்மா, என்ன செய்றீங்க? மியூசியத்தில சயன்ஸ் லெப் நடத்துறீங்களா?"

"சும்மா இரி. ஒண்டத்தான் மாத்துறன்."

மூலையில் செங்குத்தான, ஒடுங்கிய மரப்படி மேலே போனது. பக்கீர் முகைதீன் கைப்பிடியைப் பற்றி, நிறுத்தாமல் ஏறினார். கீழே நின்ற பாஸ்கர், "என்னம்மா இது, வாசல்ல நின்னவரு மாடியில நிக்கிறாரு!" என்றார். "நீங்களும் ஏறிக் காட்டுங்களேன்," என்றாள் கிரிஜா.

மேலே ஒரு குட்டைக் கட்டில். பக்கீர் முகைதீன் அதைப் பார்த்து, "கப்டன்ட வாப்பா என்னையவிடக் கட்டையனா?" என்றார். மைமூனா சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. கொட கெடந்தா என்ன நடக்குது? உள்ளுக்கு என்ன தோணுது?"

"ஆழம் பாக்கிற கயிறு தெரியும்தானே? கயித்தில அங்கங்க தோலும் துணியும் கட்டியிரிக்கும். அந்த அடையாளத்தப் பாத்துத்தான் எத்தின பாகம் ஆழம் எண்டு சொல்ற. அடையாளம் இல்லாட்டிக் கயிறு போய்க்கொண்டே இரிக்கும், ஒண்டும் வெளங்காது. வெறும் நெலம் எனக்கு அப்பிடி. கால எங்க வெக்கிற எண்டு தெரியுதில்ல. குறுக்கால ஒண்டு கெடந்தா, அதுக்கு அங்கால வெக்கணும் எண்டு தெரியுது."

மைமூனா அந்த மரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தியது. மாடிப்படியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் குறுக்கே கிடக்கும் ஒரு கோடு. ரயில் மேடையில் மஞ்சள் கோடு, பிறகு இடைவெளி. பள்ளிவாசலில் தொழுகை வரிசை நேராக நிற்பதற்காகக் கார்ப்பெட்டில் சஃபுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். முன் வரிசைக்குப் போகிறவர் அத்தனை கோட்டையும் தாண்டித்தான் போக வேண்டும். முந்தி வாடகைக்கு இருந்த வீட்டிலும் தரை முழுக்கச் சதுர ஓடுகள், சதுரத்துக்குச் சதுரம் கோடு.

நடப்பது என்பது நாம் யோசித்துச் செய்கிற வேலை இல்லை. அடுத்த எட்டு, அதற்கடுத்த எட்டு என்று மூளையின் ஆழத்தில் ஓரிடம் தன்பாட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும். இந்த நோய் அந்த இடத்தைத்தான் பழுதாக்குகிறது. ஒடுங்கிய வாசலைக் கண்டால் அது சிக்கிக்கொள்ளும். ஆனால் கண்ணால் பார்த்து, இதைத் தாண்டு என்று காலுக்குச் சொல்வதற்கு வேறொரு பாதை இருக்கிறது. அது அவருக்குக் கெடவில்லை. ஆணி அடித்த மாதிரி என்று அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அவர் ஒருநாளும் நடிக்கவில்லை.

புது வீட்டில் கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை சாம்பல் நிறத்தில் ஒரே கார்ப்பெட், உள்ளே அதே சாம்பலில் வினைல். அங்கே கோடென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் கார்ப்பெட்டை முடித்து அடித்த பளபளக்கும் உலோகப் பட்டி. வாப்பாவின் கால் தடுக்கும், கழற்றிவிடு என்று வந்த முதல் வாரமே நுஸ்கியிடம் சொன்னவள் மைமூனாதான். பூப்போட்ட கால்விரிப்பையும் சுருட்டிக் கராஜில் வைத்தாள். அவர் விழக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்தவள், அவர் பிடித்து நடந்த கோடுகளையெல்லாம் தன் கையாலேயே எடுத்திருக்கிறாள்.

"நுஸ்கி," என்று கீழே பார்த்துக் கூப்பிட்டாள். "போற வழியில டேப் வாங்கணும். வெள்ள டேப், அகலமா."

அன்று மாலை நுஸ்கிதான் முழங்காலில் நின்று ஒட்டினான். கட்டிலடியில் இருந்து பாத்ரூம் வாசல் வரை, குறுக்குக் குறுக்காக. பக்கீர் முகைதீன் ஒவ்வொரு கோடாகத் தாண்டி வந்தார். கடைசிக் கோட்டைத் தாண்டியதும், வாசலிலேயே, நின்றார். சாரம் நனைந்தது. நுஸ்கி டேப்பைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனான். மைமூனா தரையைத் துடைத்து, சாரத்தை மாற்றிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம்.

பிறகு அவள் கோடுகளைப் பார்த்தாள். வாசலோடு நின்றிருந்தன. கோடு நின்ற இடத்தில் அவரும் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். வீங்கிய முழங்காலை மடக்க முடியாமல் கீழே உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து, மிச்சத்தை அவளே ஒட்டினாள்.

திங்கட்கிழமை வந்த பெண் கதிரையில் உட்கார்ந்து, பாத்ரூமுக்குப் போக எத்தனை பேர் பிடிக்க வேண்டும் என்று கேட்டாள். நுஸ்கி வாயைத் திறப்பதற்குள் பக்கீர் முகைதீன் எழும்பினார். கோடு கோடாகத் தாண்டிப் போனார். வாசலைத் தாண்டினார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே நின்ற நுஸ்கி உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

முதியோர் இல்லத்து அறை இப்போதைக்குத் தேவைப்படாது என்று சொல்லிவிட்டு, இதை எப்படிச் செய்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நுஸ்கி மொழிபெயர்க்கத் தொடங்கினான். மைமூனா அவனை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: தரையின் நிறத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிகிற டேப் வேண்டும், அதை நடக்கும் பாதைக்குக் குறுக்கே, அவருடைய ஒரு எட்டுத் தூரத்துக்கு ஒன்றாக ஒட்ட வேண்டும், வாசலோடு நிறுத்தாமல், வாசலைத் தாண்டி, அவர் போய்ச்சேர வேண்டிய இடம் வரைக்கும் ஒட்ட வேண்டும்.